முழு பல் செட்: ஆறு வருடத்துக்கும் ஒரு ரிப்பேருக்கும் பிறகு

என் மேல் பல் செட் நடுவில் விரிசல் விட்டு, ஒட்டுப்போட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. இதே வாரம் தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர், "அண்ணே, பல்லு எல்லாத்தையும் எடுத்தாச்சு. செட்டு கட்டிக்கச் சொல்றாங்க, கட்டலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். என்னுடையது கழற்றி மாட்டும் சாதாரண அக்ரிலிக் (ஒருவகைப் பிளாஸ்டிக்) செட், மேலும் கீழும்.

மேல் செட்டை மனதாரப் புகழலாம். அண்ணம் முழுவதையும் மூடி, பின் ஓரம் சரியாக உட்கார்ந்து, நடுவே மெல்லிசாக எச்சில் இருந்தால் போதும், கவ்விக்கொண்டு நிற்கும். பசை தேவையில்லை. ஆனால் காய்ந்த செட் பிடிக்காது, நனைத்துத்தான் போட வேண்டும். பி.பி., மனச்சோர்வு, சளி இவற்றுக்கான மாத்திரைகள் சிலவற்றால் வாய் வறண்டுபோகும். அப்படி வறண்டால் நல்ல செட்கூட லொடலொடவென்று ஆடும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சரியாகும். செட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கீழ் செட்டில்தான் அத்தனை எரிச்சலும். லாடம் மாதிரி வடிவம், உட்கார இடம் கொஞ்சம், நடுவே ஓயாமல் அசையும் நாக்கு. கவ்விப் பிடிக்க அண்ணம் மாதிரி பரப்பு அங்கே கிடையாது. நாக்கை அடக்கிவைக்கப் பழகுவதுதான் வழி: நுனி கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு சும்மா கிடந்தால் செட் நிற்கும், பின்னால் இழுத்தால் கிளம்பிவிடும். முதல் மாதம் தினமும் பத்து நிமிடம் பேப்பரை வாய்விட்டு வாசித்தால் இந்தப் பழக்கமும் வரும், 'ச', 'ஸ' சத்தமும் தெளியும்.

செட் ஏன் உடைந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல் போன பிறகு தாடை எலும்பு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று 1972-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். செட் கட்டிய அளவிலேயே இருக்கும், அடியில் ஈறு இறங்கிப்போகும். மேலே ஓரங்கள் இறங்கினாலும் அண்ணத்தின் நடு எலும்பு அவ்வளவாக இறங்காது. அந்த நடு மேட்டின் மேல் செட் சீசா பலகை மாதிரி ஆடத் தொடங்கும். ஒவ்வொரு மெல்லலுக்கும் மயிரிழை அளவு வளைந்து வளைந்து, ஒருநாள் முன்பற்களுக்கு நடுவே விரிசல் விடும். கீழே விழாமலே உடைந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். வெறும் ஒட்டோடு விட்டால் அதே இடத்தில் மறுபடி விரிசல் விடும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே ரீலைன், அதாவது இப்போதைய ஈறுக்குத் தகுந்தபடி உள்பக்கத்துக்குப் புதுப் பூச்சு, வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை. என் கோபம் இதில்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். செட்டைப் போட்டுக்கொண்டு வலது கடைவாய்ப் பல்லை விரலால் மெல்ல அழுத்துங்கள், பிறகு இடது. ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் எழும்பினால் ரீலைன் செய்யும் காலம் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

உடைந்தால் சின்னத் துண்டைக்கூட விடாமல் பொறுக்கி, தண்ணீர் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். உடனடி ஒட்டுப் பசையை மட்டும் தொடாதீர்கள். அது விளிம்பில் இறுகித் துண்டுகளைச் சரியாகச் சேரவிடாது. செட்டை ரிப்பேர் செய்யும் லேபில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பொருந்தும் விளிம்பும் போய்விடும்.

இனி தினப்படி.

இரவில் கழற்ற வேண்டும், ஆறு முதல் எட்டு மணி நேரம் ஈறு காற்றாட இருக்க வேண்டும். வட சென்னையில் ஒரே அறையில் பேரப்பிள்ளைகளோடு படுக்கும் வீடுகள் எத்தனையோ. பொக்கை வாயோடு இருக்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் செட்டோடு தூங்குகிறார்கள். அவர்களுடைய அண்ணத்தைப் பார்த்தால் செட்டின் அச்சு அப்படியே சிவப்பாக விழுந்திருக்கும். கேண்டிடா என்ற பூஞ்சை. வலிக்காது, அதனால் தெரியாது. உதட்டின் ஓரம் வெடிப்பதும் பல சமயம் இதன் தொடர்ச்சிதான். ஜப்பானில் 85 வயது கடந்தவர்களிடம் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. மூடியுள்ள, உள்ளே தெரியாத டப்பா ஒன்று வாங்கி, விளக்கணைத்த பிறகு கழற்றினால் கூச்சமும் தீரும். வாரம் ஒருமுறை செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் அண்ணத்தைப் பாருங்கள்.

கழுவும் முறைக்கு வருவோம். வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்புங்கள், அல்லது மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். கை வழுக்கினால் பீங்கானில் விழாது. கீழ் செட்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கக் கூடாது, லாடத்தின் இரண்டு கால்களும் நெருங்கி நடுவில் முறியும். தேய்க்கிற பக்கத்தை மட்டும் விரலால் பிடியுங்கள். மெத்தென்ற பிரஷ், ஒரு சொட்டு கை கழுவும் திரவ சோப்பு. பேஸ்ட், பல்பொடி, உப்பு, பாத்திரம் தேய்க்கும் பார் எதுவும் ஆகாது. அக்ரிலிக் என்பது இயற்கைப் பல்லைவிட மிருதுவானது. பேஸ்ட்டில் இருக்கும் நுண்ணிய உராய்பொருள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அந்தக் கீறல்களில் பூஞ்சை குடியேறும். பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் பேஸ்ட் போடுகிறவர்களின் செட்தான் சீக்கிரம் நாறுகிறது.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள உள்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டுங்கள். எண்ணெய் போன தட்டு மாதிரி கிறீச்சென்று தடுக்க வேண்டும். கொழகொழவென்று விரல் வழுக்கினால் கிருமிப் படலம் இன்னும் இருக்கிறது. ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் செட்டை மாட்ட வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஊறவைக்கும் தண்ணீர் வட சென்னைக்கே உரிய தலைவலி. கடலோரம் என்பதால் திருவொற்றியூர், காசிமேடு பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் ஊறிய செட்டைத் துடைத்துக் காயவிட்டால் வெள்ளைப் பூச்சு நிற்கும். கீழ் முன்பற்களுக்கு உள்புறமும் மேல் கடைவாய்க்கு வெளிப்புறமும் எச்சில் சுரப்பி திறக்கும் இடங்கள். எச்சிலில் உள்ள சுண்ணாம்பு அங்கே தானாகவே காறையாகப் படியும், கடினத் தண்ணீர் சேர்ந்தால் செட் இன்னும் சொரசொரப்பாகும். கேன் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்த மெட்ரோ குழாய்த் தண்ணீரோ அரை டம்ளர் போதும், தினமும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். அதற்கும் போகாத காறையை ஊசியால் நோண்டாமல் டாக்டரிடம் பாலிஷ் போடக் கொடுங்கள். கொதிநீர் கூடவே கூடாது, தட்டு நெளிந்தால் திரும்ப நேராகாது. சுத்தம் செய்யும் மாத்திரை போட்டால் அட்டையில் சொன்ன நேரம் ஊறவைத்துப் பிறகு பிரஷ் போட்டு நன்றாக அலசுங்கள். அவற்றில் பலவற்றிலும் உள்ள பெர்சல்பேட் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாது. வாய் எரிந்தாலோ தடித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய ஆபத்து மீன் முள். அண்ணம் மூடியிருப்பதால் முள் இருப்பது தெரியாது, தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். காசிமேட்டு மீன் இல்லாமல் இங்கே சோறு இறங்காது, விடச் சொல்லவும் மனமில்லை. சுறாப் புட்டு, நடுமுள் எடுத்த வஞ்சிரம் நிம்மதி. மத்தியும் சங்கராவும் என்றால் விரலால் உதிர்த்து, வெளிச்சத்தில் பார்த்துச் சாப்பிடுங்கள். முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போங்கள். டீக்கும் இதே கதை: சூடு அண்ணத்துக்குத் தெரியாமல் தொண்டையைச் சுட்டுவிடும். முன்பல்லால் கடித்து இழுத்தால் மேல் செட் பின்னால் கழன்று வரும். வடையைப் பிய்த்து, இரண்டு பக்கக் கடைவாயிலும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். கொய்யா விதையும் முறுக்கு எள்ளும் கீழ் செட்டுக்கு அடியில் புகுந்தால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். உடனே கழற்றி அலசுவதைத் தவிர வேறு வழியில்லை.

புண் வந்தால் செட்டை நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கழற்றி வைத்து, வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். டாக்டரிடம் போவதற்குச் சில மணி நேரம் முன்பு மட்டும் மறுபடி போட்டுக்கொண்டு போனால் எங்கே குத்துகிறது என்று தடம் தெரியும், அந்த இடத்தை மட்டும் ராவிவிடுவார். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டுங்கள். பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தவர்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஒட்டும் பசை அவசரத்துக்கு மட்டும். தினமும் வேண்டியிருக்கிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை அள்ளிப் பூசிக்கொண்டவர்களுக்குத் தாமிரச் சத்து குறைந்து நரம்புக் கோளாறு வந்திருக்கிறது. வாங்கும்போதே துத்தநாகம் இல்லாததாகப் பாருங்கள்.

நண்பரே, மேல் செட் கட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம். கீழ் செட்டுக்கு இன்றைக்கு இருக்கும் மனநிலையில் பத்துக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க வரவில்லை, இத்தனை பழகிய பிறகும். கீழே முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் திருகு, வைத்து அதன் மேல் செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள். பணம்தான் தடை என்றால் சென்னைக் கோட்டை ரயில் ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். அளவெடுக்க, மெழுகில் பார்க்க, பொருத்த, ராவ என்று பல நடை போக வேண்டிவரும், பொறுமையோடு போங்கள். பல் எடுத்த முதல் வருடத்தில்தான் எலும்பு வேகமாக இறங்கும். செட் கைக்கு வந்த அன்றே ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைக் காலண்டரில் குறித்து, பக்கத்தில் "ரீலைன்" என்று எழுதி வைத்துவிடுங்கள்.