நீல முகப்பின் மேல் இரண்டு பொன் முட்கள்

சீன மரபுக் கலையைத் தழுவி வடிவமைக்கப்பட்ட சொகுசுக் கைக்கடிகாரம் ஒன்றை நான் சில ஆண்டுகளாகக் கட்டிவருகிறேன். அதே மாதிரி இப்போது விலை இறங்கிக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இயந்திரம், உறையின் அளவு, நீர்காப்பு ஆகியவற்றில் எனக்குக் குறை எதுவும் இல்லை; அவை அவருக்கும் தெரிந்தவையே. நான் சொல்ல வேண்டியது முகப்பைப் பற்றியும் அதன் மேல் சுற்றிவரும் முட்களைப் பற்றியும்தான்.

முகப்பு கம்பி எனாமல் வேலைப்பாடு. மயிரிழை போன்ற பொன் கம்பியை இடுக்கியால் வளைத்துக் கோட்டோவியமாக ஒட்டி, கம்பிகளுக்கு நடுவே உள்ள சிறு அறைகளில் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுக்கிறார்கள். சூட்டில் தூள் உருகித் தாழ்ந்துவிடுவதால் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட வேண்டும். கம்பியின் மட்டத்துக்கு வந்த பிறகே தேய்த்து மெருகேற்ற முடியும். மேற்கிலிருந்து சீனாவுக்குச் சென்ற இக்கலை 15ஆம் நூற்றாண்டில் மிங் அரசவையில் செழித்தது; 1449 முதல் 1457 வரை ஆண்ட ஜிங்தாய் பேரரசரின் பெயரால் ஜிங்தாய்லான் என்றே இன்றும் வழங்குகிறது. பெய்ஜிங் பட்டறைகளில் செப்புக் கலங்களின் மேல் செய்யப்படும் அந்த வேலையை ஒரு கைக்கடிகாரத்தின் வட்டத்துக்குள் இவ்வளவு துல்லியமாகச் செய்திருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கண்ணாடி என்பதால் நீலம் சிறிதும் வெளிறவில்லை. வெயிலில் பார்த்தால் நிறம் மேற்பரப்பில் இல்லாமல் ஆழத்திலிருந்து எழுவதுபோல் தெரிகிறது.

ஓவியத்தின் அமைப்பும் தேர்ந்த கையால் செய்யப்பட்டது. கீழ் வலப்புறத்தில் ஒரு கொக்கு நடுவை நோக்கிக் கழுத்தை நீட்டியிருக்கிறது. மேல் இடப்புறம் முழுவதும் வெறும் நீலம். சீன ஓவியத்தில் தீட்டாமல் விட்ட இடமும் ஓவியமே. தென் சோங் அரசமரபுக் காலத்து ஓவியர் மா யுவான், காட்சியை ஒரு மூலைக்கு ஒதுக்கி எஞ்சியதை மூடுபனியாக விட்டுவிடும் வழக்கத்தால் ‘ஒரு மூலை மா’ என்றே பெயர் பெற்றவர். என் முகப்பை வரைந்தவர் அந்த மரபைக் கற்றவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அதே நிறுவனத்தில் முட்களை வடிவமைத்தவர் அந்த ஓவியத்தைப் பார்த்தாரா என்பதே ஐயமாக இருக்கிறது. கம்பியும் பொன், முட்களும் மெருகிட்ட பொன். ஒளி பட்டால் இரண்டும் ஒன்றுபோலவே மின்னுகின்றன. விளம்பரப் படங்களில் வழக்கம்போல் பத்து மணி பத்து நிமிடத்தில் முட்களை நிறுத்தியிருப்பதால் அவை வெற்று நீலத்தை ஒட்டி நின்று அழகாகவே தெரிகின்றன. நான்கு மணி இருபது நிமிடத்துக்கு இரண்டும் கொக்கின் கழுத்தின் மேல் படுத்துவிடுகின்றன: அப்போது மணியும் தெரிவதில்லை, கொக்கும் தெரிவதில்லை. பொன்னுக்குப் பதிலாக நீலமேற்றிய எஃகு முட்களை வைத்தால் அவை முகப்பின் நீலத்தில் கரைந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் வேறு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாஷரோன் கான்ஸ்டன்டின் என்ற சுவிஸ் கடிகார நிறுவனம் 2012இல் தொடங்கிய சீன ராசி விலங்குக் கடிகார வரிசையில் முட்களே கிடையாது. மணி, நிமிடம், கிழமை, தேதி நான்கையும் ஓரத்துச் சாளரங்களுக்குத் தள்ளிவிட்டு, நடுவிடத்தை முழுவதும் விலங்குக்கே கொடுத்தார்கள். அதன் விலை வேறு, இயந்திரம் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் என் கடிகாரத்தில் மேல் இடப்புற வெற்றிடத்தில் ஒரு சிறு மணிவட்டம் வைக்கக்கூடவா இடமில்லை?

இந்த எரிச்சலோடு ஒருவாறு பழகியிருந்தேன். அண்மையில் எண்ணெயிடக் கொடுத்தபோது, பழுதுபார்ப்பவர் முட்களைக் கழற்றிவிட்டு முகப்பை மட்டும் உருப்பெருக்கியின் கீழ் காட்டினார். கழுத்தின் வளைவிலிருந்து இறகு நுனிவரை ஒரே மூச்சில் ஓடும் கம்பிக்கோட்டை அன்றுதான் தடையின்றிப் பார்த்தேன். முட்களை மறுபடி பொருத்திய பிறகு முன்பிருந்த பொறுமை எனக்குத் திரும்பவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில், இறங்கிய விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே. எனாமல்தான் விருப்பம் என்றால், பெய்ஜிங்கில் செய்த நல்ல சிமிழ் ஒன்றை இதைவிடக் குறைந்த பணத்தில் வாங்கலாம். அதன் ஓவியத்தை எதுவும் மறைக்காது. கடிகாரம்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், கடைக்காரரிடம் முட்களை நான்கு மணி இருபது நிமிடத்துக்குத் திருப்பச் சொல்லி, காட்சிப்பெட்டியின் விளக்கை விட்டு விலகி, சாதாரண அறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.