முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: சில ஆண்டுகள் பறக்கவிட்ட பின் எழுதும் அனுபவக் குறிப்பு

ரிமோட்டில் இயங்கும் மின்சார ஹெலிகாப்டர் ஒன்றை முதன்முறையாக வாங்க நினைப்பவர், விற்பனைப் பக்கங்களில் பெரிய எழுத்தில் வரும் வேகம், தூரம், கேமரா ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. இது உடைந்தால் உதிரிப்பாகம் சில நாள்களில் கைக்கு வந்து சேருமா? இதில் பழகிய விரல்கள் அடுத்து வாங்கப்போகும் ஹெலிகாப்டரிலும் பயன்படுமா? கோயம்புத்தூரில் இருந்தபடி, உள்ளங்கை அளவுள்ள நான்கு சேனல் (ரிமோட்டிலிருந்து தனித்தனியாகச் செல்லும் கட்டுப்பாட்டு வழி) ஹெலிகாப்டர் ஒன்றையும், பிறகு ஆறு சேனல் கொண்ட, இறக்கைகளின் கோணத்தை மாற்றிப் பறக்கும் சிறிய கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர் ஒன்றையும் சில ஆண்டுகளாகப் பறக்கவிட்டும் பழுதுபார்த்தும் வருவதில், இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத எதுவும் நெடுநாள் மேசையில் இருப்பதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன்.

பொம்மைக் கடைகளில் முதலில் கண்ணில் படுவது கோஆக்சியல் வகை. ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள், அதாவது சுழலும் இறக்கைத் தொகுதிகள், எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், உடலைத் திருப்ப முயலும் விசை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. பக்கவாட்டில் காற்றைத் தள்ளும் வால் ரோட்டாருக்கு அங்கே வேலையில்லை. பரவலாக விற்ற சைமா எஸ்107ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வாலில் உள்ள சிறு விசிறி படுத்த நிலையில் இருக்கும். வாலை ஏற்றியும் இறக்கியும் ஹெலிகாப்டரை முன்னும் பின்னும் நகர்த்துவதே அதன் பணி. பக்கவாட்டில் சரிந்து நகர்வதற்கான கட்டுப்பாடு அதில் கிடையாது. ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் இயங்குவதால் வெயிலில் தொடர்பு நம்பத்தக்கதாக இருக்காது. வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் மகிழ இது போதும், அடியும் தாங்கும். ஆனால் அது தானாகவே நிலையாக நின்றுவிடுவதால், உண்மையான ஹெலிகாப்டரை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் விரல்களுக்கு வருவதில்லை.

இரண்டாம் வகையில் ரோட்டார் ஒன்று. அதன் இறக்கைகளின் சாய்வுக் கோணம் மொத்தமாக மாறாது. மேலே எழ வேண்டுமென்றால் மோட்டார் வேகமாகச் சுழல வேண்டும், இறங்க வேண்டுமென்றால் மெதுவாக வேண்டும். டபிள்யூஎல் டாய்ஸ் வி911, ஹரைசன் ஹாபி வெளியிட்ட பிளேடு எம்எஸ்ஆர் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ரோட்டாரின் தலையில் எடை வைத்த ஒரு கோல் 45 பாகை விலகிச் சுழன்று, ஹெலிகாப்டர் சாயும்போது தானே நிமிர்த்துகிறது. 1946இல் அமெரிக்காவில் குடிமைப் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்ற பெல் 47 ஹெலிகாப்டருக்காக ஆர்தர் யங் உருவாக்கிய நிலைப்படுத்தும் கோலின் வழிவந்த ஏற்பாடு இது என்பதை அறிந்தபோது, முப்பது கிராம் அளவே எடையுள்ள அந்தப் பொருளின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாம் வகையைத்தான். நான்கு கட்டுப்பாடுகளும் உண்மையான ஹெலிகாப்டரில் உள்ளபடியே இருக்கின்றன. வால் ரோட்டார் இருக்கிறது, பக்கவாட்டு நகர்வு இருக்கிறது, சுவரில் மோதினாலும் பெரும்பாலும் கீழே விழுந்து கிடக்குமே தவிர நொறுங்குவதில்லை. இதன் குறை காற்று. சிறு காற்று எதிரே வீசினால் ரோட்டார் கூடுதல் தூக்குவிசை பெற்று ஹெலிகாப்டர் மேலே ஏறும். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தால் கட்டுப்பாடும் கூடவே தளர்ந்துவிடும். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில் எங்கள் ஊரில் இதை வெளியே எடுப்பதற்கே இடமில்லை. முகூர்த்தம் இல்லாத நாள்களில் நண்பரின் திருமண மண்டபம் காலியாக இருக்கும். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு அங்கேதான் பழகினேன். நிறுத்தினாலும் விசிறியின் இறக்கைகளில் தொற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் தலைக்கு மேல் உயர்த்தாமல் பறப்பது ஒரு கட்டாயப் பயிற்சியாக அமைந்தது.

மூன்றாம் வகையான கலெக்டிவ் பிட்ச் முற்றிலும் வேறு. ரோட்டார் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல, இறக்கைகளின் கோணத்தை ஸ்வாஷ்பிளேட் என்னும் சாயும் தட்டும் அதை அசைக்கும் மூன்று சர்வோ மோட்டார்களும் மாற்றுகின்றன. கோணம் மாறிய அதே நொடியில் ஹெலிகாப்டர் எழுகிறது, அல்லது தரையை நோக்கி இறங்குகிறது. கோணத்தை எதிர்த்திசைக்குக் கொண்டுபோனால் தலைகீழாகவும் நிற்கும். எக்ஸ்கே கே110, ஓஎம்பி ஹாபி எம்2, பிளேடு 230 எஸ் ஆகியவை இன்று புதியவர்கள் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பவை. இவற்றில் நிலைப்படுத்தும் கோல் கிடையாது. அந்த வேலையைச் சாய்வையும் திருப்பத்தையும் உணர்ந்து திருத்தும் கைரோ செய்கிறது. கே110இல் 6ஜி என்னும் தானாக நிமிரும் முறையும் 3டி என்னும் முழுக் கட்டுப்பாட்டு முறையும் உண்டு; 230 எஸ் இக்கட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தன்னை நிமிர்த்திக்கொள்ளும். இவற்றை நேரடியாக முதல் ஹெலிகாப்டராக வாங்குவது சாத்தியமே. ஆனால் தானாக நிமிரும் முறையை மட்டும் நம்பிப் பழகியவருக்கு அதை அணைத்த அன்று மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கற்றுக்கொள்வதில் கடினமான பகுதி எது என்று கேட்டால், உயர்த்துவதும் இறக்குவதும் அல்ல, ஹெலிகாப்டரின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மனம் தொடர்ந்து கணித்துக்கொண்டிருப்பதுதான் என்பேன். வால் நம்மை நோக்கி இருக்கும்போது வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். மூக்கு நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் அதே அசைவு நம் கண்ணுக்கு இடப்பக்கமாகத் தெரியும். இது புத்தியால் புரிந்துகொள்ளக்கூடிய செய்தியே. எனினும் கீழே சரிந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டரைக் காப்பாற்ற அரை நொடிக்குள் விரல் அசைய வேண்டும், அதற்குள் புத்தி வந்து சேர்வதில்லை. வாலை நம் பக்கம் வைத்து நிறுத்துவது, பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் சற்றுச் சற்றாகத் திருப்பி நிறுத்துவது, கடைசியில் மூக்கை நம் பக்கம் வைத்து நிறுத்துவது என்ற வரிசையை நான் மாற்றவில்லை. வெளியே பழகுவோர் பலர் கால்களுக்கு அடியில் குறுக்குக் குச்சிகளைக் கட்டி, முனைகளில் பந்து செருகிக்கொள்வார்கள். தரையிறங்கும்போது புரண்டுவிடாமல் அது காக்கும்.

இந்தப் பழக்கத்தைக் குறைந்த செலவில் பெறும் இடம் சிமுலேட்டர். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் ஆகியவை கணினியில் இயங்குபவை; யுஎஸ்பி வழியாகச் சொந்த ரிமோட்டையே அவற்றோடு இணைத்துப் பழகலாம். ஆகவே ஹெலிகாப்டருக்கு முன்பாகவே ஒரு நல்ல ரிமோட்டை வாங்கிவிடுவதே சிறந்த வழி என்பேன். பெட்டிக்குள் ஹெலிகாப்டரோடு வரும் ரிமோட்டுகளில் ஸ்டிக்குகள் குட்டையாகவும், நடுப்பகுதியில் சிறு அசைவை உணராதவையாகவும் இருப்பது வழக்கம். ஹோவர் செய்வதற்கு, அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவதற்கு, வேண்டியதோ அந்தச் சிறு அசைவுதான். ரேடியோமாஸ்டர் போன்ற நிறுவனங்கள் விற்கும், பல நெறிமுறைகளை (ரிமோட்டும் ஹெலிகாப்டரும் தொடர்புகொள்ளும் சமிக்ஞை முறைகளை) பேசும் ரிமோட் ஒன்று கையில் இருந்தால், ஃபுட்டாபாவின் எஸ்-எஃப்எச்எஸ்எஸ் நெறிமுறையை ஏற்கும் கே110 போன்றவற்றை அதனோடே இணைத்துக்கொள்ளலாம். ஹெலிகாப்டர் மாறினாலும் ரிமோட் மாறாது. உயர்த்தும் ஸ்டிக் இடக்கையில் வரும் மோடு 2, வலக்கையில் வரும் மோடு 1 ஆகியவற்றில் எது என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ளவும். உடன் பறக்கவிடும் நண்பர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே தேர்ந்தால், தடுமாறும்போது ரிமோட்டை அவர்களிடம் நீட்ட முடியும்.

இனி பழுது. நெடுநாள் அனுபவத்தில் பெரும்பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிறிய ஹெலிகாப்டர்களில் வால் மோட்டார் பெரும்பாலும் கோர்லெஸ் எனப்படும் சிறு மோட்டார், உள்ளே உராய்ந்து மின்சாரம் தரும் பிரஷ் உள்ள வகை; அது தேய்ந்து தீரும் பொருள், பென்சிலைப் போல. தேய்வின் முதல் அறிகுறி, உயர்த்தும்போது மூக்கு ஒரே பக்கமாகத் திரும்பத் தொடங்குவது. கைரோ கெட்டுவிட்டது என்று எண்ணிச் சர்க்யூட் போர்டை மாற்றுமுன், வால் அச்சில் தலைமுடியோ தரைவிரிப்பின் நூலோ சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்டபத்தில் பழகுபவருக்கு இது வாரந்தோறும் வரும் வேலை. முடியை எடுத்தும் சரியாகவில்லை என்றால் மோட்டாரை மாற்றலாம்.

அடுத்து வருவது அதிர்வு. விழுந்து எழுந்த ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், ரிமோட்டின் டிரிம் பொத்தான்களால் நடுநிலையைத் திருத்திச் சமாளிக்கக் கூடாது. இறக்கைகளைத் தாங்கும் குறுக்குத்தண்டு வளைந்திருக்கலாம், அல்லது ஓர் இறக்கையின் விளிம்பு சிதைந்திருக்கலாம். இரண்டுமே அதிர்வை உண்டாக்கி, கைரோவின் கணக்கைக் குழப்புகின்றன. தண்டை மட்டும் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். இறக்கைகளை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். அவற்றைப் பிடிக்கும் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் இறக்கை தன் நேர்க்கோட்டைத் தானே தேடிக்கொள்ள முடியாமல் அதிர்வு கூடும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்ல உலுக்கினால் இறக்கை தொய்ந்து இறங்கும் அளவே சரியான இறுக்கம். திருகு கழலாமல் காக்கும் திரவத்தை உலோகத்தில் செல்லும் திருகுக்கு மட்டும் இட வேண்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் சிலவகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

உதிரிப்பாகச் செலவைப் பாதியாகக் குறைத்த ஒரே பழக்கம் எது என்றால், மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தயங்காமல் தட்டுவது. விழப்போகிறது என்று தெரிந்த கணமே மோட்டாரை நிறுத்திவிட்டால், சுழற்சி தளர்ந்த இறக்கை தரையில் மோதி மடங்கும், பற்சக்கரம் தப்பிக்கும். காப்பாற்றிவிடலாம் என்று மோட்டாரின் வேகத்தைக் கூட்டுபவருக்கு இறக்கை, குறுக்குத்தண்டு, முதன்மைப் பற்சக்கரம், சர்வோ என்று வரிசையாகப் போகும். ஆகவே ஹெலிகாப்டர் வாங்கும் நாளிலேயே இரண்டு ஜோடி இறக்கைகள், ஒரு வால் மோட்டார், ஒரு பற்சக்கரம், சில குறுக்குத்தண்டுகள் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. அவற்றைத் தனித்தனியாக விற்காத கடையில் ஹெலிகாப்டரையும் வாங்க வேண்டியதில்லை. வெளித்தோற்றத்தில் அழகாக இருந்து, பெயரும் தெரியாமல் வரும் பல பொம்மைகள் இந்த ஒரு காரணத்தாலேயே தகுதி இழக்கின்றன.

பேட்டரி எல்லாவற்றிலும் லித்தியம் பாலிமர்தான். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழு நிரப்பில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவழிப்பது பாதுகாப்பான வழக்கம். 450 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வரை என்று கொண்டு, ரிமோட்டின் டைமரை நான்கைந்து நிமிடத்தில் ஒலிக்க வைத்திருக்கிறேன். சில நாள் பறக்கவிடப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். மே மாத வெயிலில் காருக்குள் விட்ட பேட்டரி உப்பிவிடும். உப்பியதை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. விமானத்தில் லித்தியம் பேட்டரி அனுப்புவதில் கட்டுப்பாடு உள்ளதால் பல கடைகள் தரைவழிக் கூரியரில்தான் அனுப்புகின்றன. வந்துசேர நாளாகும் என்பதால் நான்கைந்து பேட்டரிகளை முதலிலேயே வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு பயிற்சியும் பயனுள்ள நீளத்துக்கு நடக்கும்.

வெளியே பறக்கவிடுபவர், ரிமோட் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 250 கிராம் வரையுள்ளவை நானோ வகையில் வருகின்றன. அவற்றுக்கு ரிமோட் பைலட் உரிமம் கேட்பதில்லை. ஆனால் இடத்தைப் பற்றிய வரம்புகள் தனி. விமான நிலையத்துக்கு 8 கிலோமீட்டருக்குள் உள்ள வான்வெளி, முன் அனுமதி கேட்காத பச்சை மண்டலத்தில் சேராது. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் உள்ள எங்கள் ஊரில் நல்ல மைதானங்கள் பல இதனாலேயே கழிந்துபோகின்றன. இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பெரியதாக வாங்கினால் காற்றில் நிலையாக நிற்கும், கண்ணுக்கும் நன்றாகத் தெரியும் என்று சிலர் தொடக்கநிலையிலேயே 450 என்று குறிக்கப்படும் பெரிய அளவு வகையைப் பரிந்துரைக்கிறார்கள். இரண்டு கூற்றுகளும் உண்மையே. தைவானின் அலைன் நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த டி-ரெக்ஸ் 450தான் மின்சார ஹெலிகாப்டரைப் பலருக்கும் எட்டும் பொருளாக்கியது. ஆயினும் அதன் ரோட்டார் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுழல்வதாகக் கணக்கிட்டால், இறக்கையின் முனை நொடிக்கு சுமார் 100 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 350 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. இதைவிடப் பெரிய ஒன்றைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் 2013இல் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்காவில் அதன் இறக்கை பட்டு உயிரிழந்தார். அவர் புதியவரும் அல்லர். பந்து பொறுக்க எந்தப் பக்கத்திலிருந்தும் சிறுவர்கள் ஓடிவரும் மைதானங்களில் இந்த அளவை நான் எடுக்கமாட்டேன்.

மூக்கை என் பக்கம் வைத்து நிறுத்துவது இப்போது சிறியதில் நிதானமாக வருகிறது என்பதால், 450 அளவை ஊருக்கு வெளியே தரிசு நிலம் வைத்திருக்கும் நண்பருடன் சேர்ந்து வாங்க எண்ணியிருக்கிறேன். ரிமோட்டுக்குப் புதிதாகச் செலவில்லை. அதற்கு வேண்டிய மூன்று செல், 2,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப என்னிடம் உள்ள ஒரு செல் சார்ஜர் உதவாது. செல்களைச் சமன்செய்து நிரப்பும் சார்ஜர் ஒன்றைத்தான் முதலில் வாங்க வேண்டும்.