ஷாப்சீகர்: இத்தனை வருடம் தின்றும் தீராத வழக்கு

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன் போன் எடுத்தான். மனைவி பிள்ளைகளோடு சுவிஸ் வருகிறானாம், திரும்பும்போது எந்த சீஸ் வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேட்டான். கேட்டுவிட்டு என்னைப் பதில் சொல்லவும் விடாமல், "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே மச்சான், அதுதானே திறம்?" என்று அவனே முடித்தும் விட்டான். 1991இலிருந்து இங்கே இருக்கிறேன். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்த ஓட்டைக்குள் போய்த்தான் விழுகிறார்கள். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று காலை தேத்தண்ணிக்கு ஊற்றிய பாலில், எனக்குப் பிடித்த ஷாப்சீகர் என்கிற பச்சை சீஸின் மணம் ஏறியிருந்ததால், முழுக் கோப்பையையும் சிங்குக்குள் ஊற்றிவிட்டு நின்ற நேரம். அதனால் இதை ஒரு நடுநிலையான ஆளின் கருத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓட்டைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த ஓட்டை சீஸின் பெயர் எமென்டாலர், நான் இருக்கிற பேர்ண் பக்கத்துச் சாமான்தான். ஒரு வட்டு கிட்டத்தட்ட 100 கிலோ வரும். உள்ளே இருக்கிற ஒருவகைப் பக்டீரியா வாயுவை விடுகிறது, அது தங்குகிற இடம் ஓட்டையாகிறது. அந்த வாயு ஏன் சில இடங்களில் மட்டும் போய்த் திரள்கிறது என்பதற்கு இங்குள்ள அக்ரோஸ்கோப் ஆய்வு நிலையம் 2015இல் ஒரு விடை சொன்னது: பாலுக்குள் விழுகிற, கண்ணுக்குத் தெரியாத காய்ந்த புல்லின் தூள்தான் காரணமாம். முந்தித் தொழுவத்தில் திறந்த வாளியில் கறந்தார்கள், தூள் விழுந்தது. இப்போது பால் குழாய் வழியே மூடியபடியே போகிறது, ஓட்டையும் குறைந்துவிட்டது. கதை நல்ல கதை. சீஸ்தான் எனக்கு லேசான இனிப்பும் றப்பர் கடிக்கிற மாதிரி ஒரு கடியும். பாணுக்கு நடுவில் வைக்க ஆகும், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டில் எப்போதும் இருப்பது குருயேர். அதிலும் பத்து மாதத்துக்குக் குறைந்ததை நான் வாங்குவதில்லை. முதிர்ந்த குருயேரில் பல்லுக்கு நறுக்கென்று படுகிற சின்ன வெள்ளைப் பொட்டுகள் இருக்கும், உப்புக்கல் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். புரதம் உடைந்து உருவாகிற தைரோசின் படிகம் என்று மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். இந்தப் பொட்டுக்காகவே வெட்டின துண்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துத்தான் வாங்குவேன். விற்கிற பெண்ணுக்கு என்னைத் தெரியும், துண்டைத் தானே திருப்பிக் காட்டுவாள்.

இந்த நாக்கு காசு கொடுத்துப் பழகினதில்லை. வந்த புதிதில் எங்களுடைய ஆட்கள் பலரைப் போல நானும் ரெஸ்ரோரண்டில் கோப்பைதான் கழுவினேன். குளிர்காலம் வந்தால் ஃபொண்டூச் சட்டிகள் அடுக்கடுக்காக வரும், பாதி குருயேர், பாதி ஃப்ரிபூர் வாஷெரான் என்கிற இன்னொரு சீஸ் போட்டு வெள்ளை வைனில் உருக்கினது. முதல் நாள் கொதிநீரை ஊற்றித் தேய்த்தேன். சீஸ் நூல் நூலாக இழுபட்டுப் பிரஷைச் சுற்றிக்கொண்டது, பிரஷும் போய் நேரமும் போனது. முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறவிட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் நானே கண்டுபிடித்தேன். அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். சட்டியின் அடியில் பொன்னிறமாகத் தீய்ந்து ஒட்டியிருக்கிற அடையைக் கரண்டியால் கிளப்பி எடுத்தால், அம்மா சோற்றுப் பானையின் அடியில் சுரண்டித் தருகிற அடிச்சோறு மாதிரியே மொறுமொறுவென்று இருந்தது. அறியாத வாடிக்கையாளர்கள் அதை விட்டுவிட்டுப் போவார்கள். அறிந்தவர்கள் அதற்காகச் சண்டை பிடிப்பார்கள்.

அந்தக் குசினியில் கிளாருஸ் மாநிலத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். உயரத் தட்டில், மசாலாப் போத்தல்களுக்குப் பின்னால், வெளிறின பச்சை நிறத்தில் தலை சீவின கூம்பு மாதிரி ஒரு சின்னக் கட்டி வைத்திருப்பார். பார்வைக்குப் பச்சை சோக் மாதிரி. அதுதான் ஷாப்சீகர். ஒருநாள் பசியில் நின்ற எனக்கு அதில் ஒரு மூலையை உடைத்துத் தந்தார். சீஸ்தானே என்று அப்படியே கடித்தேன். முதலில் உப்பு, பிறகு மூக்கு வழியாக ஏறுகிற ஒரு காரம், பிறகு அடித்தொண்டையில் கசப்பு. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன், அவர் சிரித்தார். மறுநாள் ஒரு துண்டுப் பாணில் பட்டரைத் தடிப்பாகப் பூசி, கட்டியை நுண்ணிய துருவலில் இரண்டு இழுப்பு இழுத்து மேலே தூவித் தந்தார். கடித்தபோது அந்த மணம் எங்கேயோ தெரிந்த மணமாக இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

அதைக் கண்டுபிடித்தது நானில்லை, அம்மா. 2004இல் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாதம் வந்து நின்றார். அம்மா சைவம். வந்த முதல் கிழமையே, சீஸை உருக்கிச் சாப்பிடுகிற ரக்லெட் அடுப்பைச் சுற்றி நாங்கள் இருந்தபோது, "பாலை எதை விட்டுத் திரைய வைக்கிறவை?" என்று கேட்டார். நானும் யோசியாமல், கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கிற நொதி என்று சொல்லிவிட்டேன். தட்டு மெல்ல அந்தப்பக்கம் தள்ளப்பட்டது. அன்றிலிருந்து ரக்லெட் இரவுகளில் அம்மாவுக்குத் தனியாகத் தயிரும் சோறும். இரண்டு மூன்று கிழமை கழித்து ஒருநாள் நான் குசினியில் ஷாப்சீகர் துருவிக்கொண்டிருக்க, அறைக்குள் படுத்திருந்தவர் எழும்பி வந்து கேட்டார்: "ஆர் வெந்தயம் வறுக்கிறது?"

அவ்வளவுதான். பத்து வருடமாக நாக்கு நுனியில் நின்றது வெளியே வந்துவிட்டது. ஷாப்சீகரில் போடுகிற மூலிகை நீல வெந்தயம், நாங்கள் கறித்தூளுக்கு வறுக்கிற வெந்தயத்தின் சொந்தக்காரச் செடி. விதைக்குப் பதிலாக இலையையும் தண்டையும் காயவைத்து மாவாக்கிக் கலக்கிறார்கள், பச்சை நிறமும் அதிலிருந்துதான். அதைவிட அம்மாவுக்குப் பிடித்தது அடுத்த செய்தி. இதற்கு அந்த நொதி தேவையில்லை. ஆடையெல்லாம் எடுத்துவிட்ட பாலைச் சூடாக்கிப் புளிக்கவைத்தே திரைக்கிறார்கள், பிறகு கிழமைக் கணக்கில் நொதிக்கவிட்டு, அரைத்து, உப்புப் போட்டு, மாதக் கணக்கில் வைத்து, கடைசியில் மூலிகை சேர்த்து அச்சில் அழுத்துகிறார்கள். கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அம்மா வெள்ளிக்கிழமையிலும் அவித்த உருளைக்கிழங்கின்மேல் தூவிச் சாப்பிட்டார். ஊருக்குப் போகும்போது ஆறு கட்டி கொண்டுபோனார். அதில் ஒன்று சித்திக்கு. சித்தி அதை மருந்து என்று நினைத்துச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்தாவாம், சளிக்கு நல்லது என்று இன்னும் கேட்டு அனுப்புகிறா.

கிளாருஸ்காரர்களுக்கு இதில் இருக்கிற பெருமையைக் கேட்டால் காது வலிக்கும், ஆனால் நியாயமான பெருமைதான். 1463ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி, அந்த மாநிலத்து மக்கள் வெளியில் கூடிக் கைதூக்கி முடிவெடுக்கிற சபையிலேயே சீகர், அதாவது இந்த ஷாப்சீகர், எப்படிச் செய்யவேண்டும், செய்கிறவன் தன் முத்திரையைக் குத்தவேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். அந்தச் சபை இன்றைக்கும் மே மாதம் சதுக்கத்தில் கூடுகிறது, கையைத்தான் தூக்குகிறார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு மக்கறோனியில் சீகர் போட்டு, மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் அப்பிள் மசியல் வைத்துத் தருகிற சீகர்ஹோர்ன்லியும் சாப்பிட்டேன். அப்பிளோடு மக்கறோனியா என்று முகத்தைச் சுளித்த நான் இரண்டாவது தட்டும் வாங்கினேன். அந்த உப்புக்கும் கசப்புக்கும் இனிப்பு இல்லாவிட்டால் சரிவராது.

நம்முடைய சாப்பாட்டில் எது சேரும் என்று கேட்டால், நான் பண்ணாத கூத்தில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கில் பட்டரோடு தூவினால் அருமை. றோஸ் பாணில் பட்டர், சீகர், மெல்லிய வெங்காயச் சீவல், ஒரு பச்சைமிளகாய்: இதுதான் என்னுடைய ஞாயிறு காலை. பால்சொதியில் போட்டது மட்டும் பெரிய பிழை. ஏற்கெனவே வெந்தயம் இருக்கிற சொதிக்குள் இது போய் விழுந்ததும் தேங்காய்ப்பால் திரைந்து, வீடு முழுக்க ஆயுர்வேதக் கடை மணம். மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் போய் முட்டை பொரித்தா. முட்டையோடு சீகர் நல்லாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

இனிக் குற்றப்பத்திரிகை. மணம், மணம், மணம். பிரிக்காத கட்டி ஒரு தொல்லையும் தராது. ஒருமுறை தாளைப் பிரித்தால் அந்தத் தாள் திரும்ப மூடாது. அதை மடித்து, பொலித்தீனுக்குள் போட்டு, அதை டப்பாவுக்குள் போட்டு மூடினாலும், இரண்டாம் நாள் பட்டர் மணக்கும், நான்காம் நாள் பால் மணக்கும். ஒருமுறை பிறந்தநாள் கேக் மணந்தது, மகளின் பதினாறாவது பிறந்தநாள், "அப்பா, உது ஷ்டிங்க்ட்", அதாவது நாறுது, என்று தமிழும் ஜேர்மனும் கலந்து அவள் சொன்னது வீட்டில் பழமொழியாகிவிட்டது. அடுத்தது, காய்ந்தால் கல். கடைசித் துண்டைத் துருவும்போது எத்தனை தடவை விரல் மூட்டு உரசி ரத்தம் வந்திருக்கிறது என்று கணக்கில்லை. துருவித் தூளாக்கிப் போத்தலில் விற்பதும் உண்டு, வசதிதான், ஆனால் திறந்து ஒரு மாதத்தில் மணம் பாதி போய்விடும். மணம் கூடினாலும் முறைப்பாடு, குறைந்தாலும் முறைப்பாடு, எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. கொலஸ்ரோலுக்காக சீஸைக் குறைக்கச் சொன்ன டொக்டரிடம் இதில் கொழுப்பே இல்லை என்று வாதாடி வென்றேன். அவர் உடனே உப்பைப் பிடித்துக்கொண்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூட்டாளி மற்ற சீஸ்கள் பற்றியும் கேட்டான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரக்லெட், உருகின சூட்டோடு உருளைக்கிழங்கில் விழுந்தால் மட்டும், ஆறினால் மெழுகு. மேலே மிளகுத்தூளுக்குப் பதில் எங்களுடைய கறித்தூள் தூவிப் பாருங்கள், என்னுடைய சுவிஸ் நண்பர்கள் வீட்டிலும் இப்போது அதுதான். அப்பென்செல்லர் பிடிக்கும், வருடத்தில் இரண்டு தடவை. ரெத் து முவான் என்கிற சீஸைக் கத்தியால் வெட்டாமல், கைபிடி சுழற்றிப் பூப்பூவாகச் சீவுகிற ஒரு கருவி 1982இல் வந்தது. பிள்ளைகள் சுழற்றுவதற்காகவே அதை வாங்குவார்கள், ருசியும் மோசமில்லை. நீலப்பூஞ்சணம் பிடித்தவற்றோடு எனக்கு ஒத்துவரவே இல்லை. அதைச் சொன்னால், சீகரைத் தின்கிற நீ இதைச் சொல்கிறாயா என்று மனைவி கேட்பா. நியாயமான கேள்வி. சின்ன வயதில் கொழும்பிலிருந்து மாமா கொண்டுவருகிற ரின் சீஸ் இருக்கிறதே, அதை இன்றைக்கு யாராவது நீட்டினால் இவை அத்தனையையும் தள்ளிவிட்டு அதைத்தான் எடுப்பேன். ஒரு வட்டத்தை எட்டாக வெட்டி எட்டுப் பேருக்குக் கொடுப்பார். என்னுடைய துண்டு எப்போதும் சின்னனாகத்தான் தெரிந்தது.

சரி, கூட்டாளிக்கு என்ன சொன்னேன்? இவ்வளவு புகழ்ந்த பிறகு ஷாப்சீகர் வாங்கு என்று சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். வாங்காதே என்றுதான் சொன்னேன். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் விமானம், பெட்டிக்குள் மனைவியின் காஞ்சிபுரம், அதோடு ஒரு பச்சைக் கட்டி. அவனுடைய குடும்பத்துக்குள் குழப்பத்தை உண்டாக்க எனக்கு விருப்பமில்லை. தவிர, அன்று காலைத் தேத்தண்ணியின் கோபம் இன்னும் அடங்கவில்லை. குருயேர் வாங்கு, பத்து மாதத்துக்கு மேற்பட்டது, காற்றை உறிஞ்சிப் பொதி செய்து தரச் சொல்லு என்றேன். "அதில ஓட்டை இருக்குமோ?" என்றான்.

சனிக்கிழமை வருகிறான். எங்கே வாங்கினாலும் இளசைத்தான் பொறுக்குவான் என்பதால், அவனுக்கு ஒரு கிலோ குருயேர் நானே வாங்கி வைத்துவிட்டேன். கூடவே எனக்கு இரண்டு பச்சைக் கட்டி. புதுப் பிரிட்ஜுக்குள் அதற்கு இடமில்லை என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டா. இப்போதைக்கு அவை பல்கனியில், ஊறுகாய்ப் போத்தலுக்குள், இறுக்கி மூடியபடி நிற்கின்றன.