ஏற்காடு இறக்கமும் என் கால் எலும்பும்

மூன்று வார விடுமுறைக்குச் சேலம் வந்திருந்தேன். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் வாரம் 30 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான். அங்கே தரை சமதளம். நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். ஊரிலோ வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே சேர்வராயன் மலை கூப்பிடுகிறது. முதல் வாரத்திலேயே நான்கு விடியற்காலைகள் அடிவாரம் போய், ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி வரை ஏறி, அப்படியே ஓடி இறங்கினேன்.

ஐந்தாம் நாள் வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன் எலும்பின் உள்ஓரம் முழுக்க வலி.

முதலில் போனது ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், "எலும்பு நல்லா இருக்கு" என்றார்கள், ஓர் ஊசி, பத்து நாள் வலி மாத்திரை, "இனிமே ஓடாதீங்க" என்று ஒரு வரி. காலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மாமா, "எண்ணெய் போட்டு உருவிக் கட்டுனா மூணு நாள்ல சரியாயிடும், வா கண்ணு" என்றார். உள்ளே விரிசல் இருந்தால் உருவக் கூடாதே என்று பயந்து, அவர் மனம் நோகாமல் தள்ளிப்போட்டேன்.

அப்புறம் பள்ளி நண்பன் சொல்லி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மாடியில் இருக்கும் சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். இரண்டு கட்டில்கள், சுவரில் தொங்கும் ரப்பர் பட்டைகள், அவ்வளவுதான். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கால் மணி நேரம் கேள்வி மட்டுமே கேட்டார். எந்த நாள், எவ்வளவு தூரம், ஏற்றமா இறக்கமா, ராத்திரி தூக்கத்தில் வலிக்கிறதா? பிறகு கட்டை விரலால் எலும்பின் உள்ஓரத்தை மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். "ஒரே புள்ளியிலயா அண்ணா, நீளமா வலிக்குதா?" நீளமாகத்தான் வலித்தது, ஒரு சாண் அளவுக்கு. ஒற்றைக் காலில் மெதுவாகக் குதிக்கச் சொன்னார். வலித்தது, ஆனால் தாங்க முடிந்தது.

அவர் சொன்ன விளக்கத்தை ஓடுகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அந்த எலும்பு நுண்ணிய அளவில் வளைகிறது. ஓய்வு கொடுத்தால் தன்னைச் சரிசெய்துகொண்டு வலுவாகிறது. சுமை திடீரென்று கூடினால் அதற்கு அவகாசம் இல்லை. நீளமாகப் பரவிய வலி என்றால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட், அதாவது சுமை தாங்காமல் முன் எலும்பின் ஓரம் நோவது. விரல் நுனி அளவில் ஒரே இடத்தில் சுரீர் என்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்பில் மெல்லிய விரிசல் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும். எனக்கு இப்போது அது தேவையில்லை, வலி ஒரு புள்ளிக்குச் சுருங்கினால் உடனே வாருங்கள் என்றார்.

வலிக்குக் கரண்ட் சிகிச்சை வைப்பீர்களா என்று கேட்டேன். "அது வேண்டாங்கண்ணா, கெண்டைக்கால்ல பலம் ஏத்தணும்" என்று படிக்கட்டு விளிம்பில் நிற்க வைத்தார். குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். முட்டியை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. வலிக்காத அளவுக்கு நடையும் சைக்கிளும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது நிமிடத்துக்கு 158 அடி வைத்துக்கொண்டிருந்தேன்; அதை 168 ஆக்கி, ஒவ்வோர் அடியின் நீளத்தையும் குறைக்கச் சொன்னார். மலை ஆசை விடவில்லை என்றால் ஏறிப் போங்கள், இறங்க பஸ் பிடியுங்கள் என்றார்.

முதல் நாள் 500 ரூபாய், அடுத்த மூன்று முறையும் 350. நேரம் வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிறார். பயிற்சிகளைக் கைப்படத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது என் சிங்கப்பூர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

நான்காவது வாரம் படிக்கட்டில் செய்ததை வீடியோ எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "இன்னும் மெதுவா இறக்குங்கண்ணா, அவசரப்படுறீங்க."