இன்டர்நெட் போன் சிஸ்டம் போட நினைக்கிற கடைக்காரர்களே, 3,85,000 ரூபா விட்டவன் சொல்கிறேன்

நேற்றுப் பின்னேரம் அந்தப் போன்காரர் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். அதுதான் இந்த நேரத்தில் இருந்து எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று சட்டத்தரணி சொல்கிறார். சின்னக் கடைகளுக்கு இன்டர்நெட் வழியாகப் போன் பூட்டிக் கொடுக்கிற, மூன்று பேர் வேலை செய்கிற ஒரு இடம். அவ்வளவுதான் சொல்லலாம்.

புறக்கோட்டை கெய்சர் வீதியில் எங்களுக்குத் துணி மொத்தக் கடை. கீழே கடை, மேலே ஸ்டோர், பின்னால் கணக்கறை. இரண்டு பழைய லைன்கள். இரண்டிலும் ஆள் கதைத்துக்கொண்டிருந்தால் மட்டக்களப்பிலிருந்து ஓடர் கொடுக்க எடுப்பவருக்கு பிஸி டோன்தான். 10 போன், ஒரே நம்பர், ஒரே நேரத்தில் எட்டுக் கோல் வரலாம் என்றதும் ஆசை வந்துவிட்டது.

வந்தவர் மரியாதையான தமிழ்ப் பொடியன். பிளேன்டீ குடித்தார். லப்டொப்பைத் திறந்துவிட்டு, என் கைபேசியில் ஒரு நம்பரை அடிக்கச் சொன்னார். எங்கள் கடைப் பெயரைச் சொல்லி, "வணக்கம், தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள்" என்று ஒரு பெண் குரல்! முதல் நாளே பதிந்து கொண்டுவந்திருக்கிறார். அப்பா வைத்த பெயர் அது. அப்படி ஒரு குரலில் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது, உண்மையைச் சொன்னால் என்ன. அந்த இடத்தில்தான் விழுந்தேன். லப்டொப் எங்கள் வைஃபையில் இல்லை, அவருடைய ஹொட்ஸ்பொட்டில் ஓடியது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

"முழுசாத் தந்தா குறைச்சுத் தாறன் அண்ணா" என்றார். குறைத்த பிறகு 3,85,000. அதில் மென்பொருள் லைசன்ஸ் என்று மட்டும் 1,10,000. அன்றைக்கே காசை எண்ணிக் கொடுத்தேன்.

பூட்டி மூன்றாம் நாளே தொடங்கியது. நாங்கள் கதைப்பது எடுப்பவர்களுக்குக் கேட்கும், அவர்கள் கதைப்பது எங்களுக்குக் கேட்காது. "உங்கட நெட் ஸ்லோ" என்றார்கள் போன்காரர்கள். நெட் கம்பெனி லைன் சரி என்றது. "ரௌட்டரை மாத்துங்கோ." மாற்றினேன், அதற்கு இன்னும் 18,000. "போயா கழிய வாறம்." போயா கழிந்தது. "என்ஜினியர் கண்டியில நிக்கிறார்." ஐந்து கிழமையாக நிற்கிறார், அங்கே வீடு கட்டுகிறாரோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் வந்தான். ரௌட்டருக்குள் போய் சிப் ஏஎல்ஜி என்ற ஒன்றை நிறுத்தினான். இன்டர்நெட் போன் கோலுக்குள் ரௌட்டர் தானாகக் கை வைக்கிற செட்டிங்காம் அது. குரல் வந்துவிட்டது. 10 நிமிட வேலை! பிறகு போன்களையெல்லாம் ஓட்டுவதற்கு அவர்கள் வைத்த பெட்டியில் ஒரு திரையைச் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இது ஆஸ்டெரிஸ்க் எண்ட போன் மென்பொருள். 1999இல வந்தது, ஆரும் சும்மா இறக்கலாம். லைசன்ஸ் காசு எதுக்கு?" பூட்டின கூலி என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. ஸ்டோர்ப் போனைத் திருப்பினால் அடியில் பாதி கிழித்த ஸ்டிக்கர்: ரூம் 412. எந்த ஹோட்டல் கட்டில் பக்கத்தில் கிடந்ததோ, எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். கல்லாவுக்கு மேல் அவர்கள் ஒட்டிய தாளில் 201ஆம் நம்பர் போனுக்குப் பாஸ்வேர்ட் 201, 202க்கு 202. எவனாவது உள்ளே நுழைந்து இரவிரவாக வெளிநாட்டுக்கு அடித்தால் பில் என் தலையில்.

என்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் இருந்தேன். மணி ஒன்றரை. சுருக்கமாக: உங்கள் நெட்டில், கடை நடக்கிற நேரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கோலுக்கே விநாடிக்கு 90 கிலோபிட் வரை அப்லோட் வேண்டும், கண்காணிப்புக் கமெராவும் அதையே தின்னும். அட்மின் பாஸ்வேர்ட் கைக்கு வராமல் கடைசிக் காசு கொடுக்காதீர்கள். எங்கள் பெட்டியின் பாஸ்வேர்ட் இன்னும் அவர்களிடம்தான். கரண்ட் போனால் ரௌட்டரோடு போனும் போகும், யூபிஎஸ் வையுங்கள். பழைய லைனை வெட்டவே வெட்டாதீர்கள். நான் ஒன்றை வெட்டினேன், ஊர்க்காரர் எல்லோரிடமும் இருந்த நம்பர் அது.

காலையில் 1977க்கு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எடுக்கப் போகிறேன். அதற்காக ரசீதைத் தேடினேன். 3,85,000 ரூபாவுக்கு என்னிடம் இருப்பது வட்ஸ்அப்பில் அவர் போட்ட ஒரு கட்டைவிரல் மட்டும்.