வெள்ளவத்தையில் ஒரு சொல் வகுப்பு: ‘ஃபர்’ ஈறும் ஒரு பற்றுச்சீட்டும்

கொழும்பில், காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் நடப்பவர் எவருக்கும் ஆங்கில வகுப்பு விளம்பரங்கள் புதியவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை பேச்சு ஆங்கிலத்துக்கானவை. நான் மதிப்பிடப் போகும் வகுப்போ இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களை அவற்றின் ஈற்றை வைத்துத் தமிழ்வழியில் கற்பிப்பது. ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இதில் குறையும் சொல்லப் போவதால் வகுப்பின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் தவிர்க்கிறேன்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் ஓர் அலுவலகக் கடிதம். ‘ஒஃபர்’ என்ற வினையின் இறந்தகால வடிவத்தில் இரண்டு ‘ஆர்’ எழுத்துகளை இட்டு அனுப்பிவிட்டேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். ‘பிரிஃபர்’ என்பதற்கு இரண்டு ‘ஆர்’ வரும்போது ‘ஒஃபர்’ என்பதற்கு ஏன் ஒன்றே வருகிறது என்று அலுவலகத்தில் எவராலும் சொல்ல முடியவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்றார்களே தவிர, காரணம் கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

முதல் இரண்டு வாரங்களும் இந்த ஒரே ஈற்றுக்குச் செலவாயின. வகுப்பின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே. இலத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், கொண்டுசெல்லுதல். அப்பால் கொண்டுசெல்வது ட்ரான்ஸ்ஃபர். பின்னோக்கிக் கொண்டுசெல்வது ரிஃபர். மற்றதற்கு முன்னே கொண்டுவந்து வைப்பது பிரிஃபர். ஒருவருக்கு எதிரே கொண்டுபோய் நீட்டுவது ஒஃபர். கீழிருந்து சுமப்பது சஃபர். கடைசிச் சொல்லை விளக்கும்போது ஆசிரியை தமிழின் ‘பொறை’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். அதற்குச் சுமை என்றும் பொருள், பொறுத்தல் என்றும் பொருள். துன்பத்தைத் தாங்குவதும் பாரத்தைத் தாங்குவதும் ஒரே சொல்லில் அடங்கும் மொழியில் பிறந்தவர்களுக்கு சஃபர் என்ற சொல்லின் உள்ளமைப்பு விளங்க அரை நிமிடம் போதுமாக இருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் புணர்ச்சியைக் கொண்டுவந்த விதம். ‘ஒப்’ என்ற முன்னொட்டும் ‘சப்’ என்ற முன்னொட்டும் ‘ஃபெர்ரே’யோடு சேரும்போது தம் இறுதி மெய்யை இழந்து ‘எஃப்’ ஒலியாகத் திரிகின்றன. ‘டிஸ்’ என்பதும் அவ்வாறே. ஒஃபர், சஃபர், டிஃபர் ஆகிய மூன்றிலும் எழுத்துக்கூட்டில் இரண்டு ‘எஃப்’ வருவதற்குக் காரணம் இதுதான். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதையும், கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவதையும் ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பிறகு பயனில்லாதது என்று ஒதுக்கியிருந்த எங்களில் பலர், வருமொழியைப் பார்த்து நிலைமொழி ஈறு திரியும் அதே வேலையை ரோமாபுரிக்காரரும் செய்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

என் ‘ஆர்’ சிக்கலுக்கும் விடை கிடைத்தது. அழுத்தம் ஈற்றசையில் விழுந்தால் விகுதி சேரும்போது ‘ஆர்’ இரட்டிக்கும்; முதலசையில் விழுந்தால் இரட்டிக்காது. இதைத் தமிழ் எழுத்திலேயே காட்ட அவர் ஓர் உத்தியைக் கையாண்டார். ஈற்றில் அழுத்தம் உள்ள வினைகளை ரிஃபேர், பிரிஃபேர், இன்ஃபேர், கொன்ஃபேர் என்று நெடிலிட்டு எழுதினார். மற்றவற்றை ஒஃபர், சஃபர் என்று குறிலோடு விட்டார். நெடில் கண்டால் இரண்டு, குறில் கண்டால் ஒன்று. ரெஃபரன்ஸ், கொன்ஃபரன்ஸ் ஆகிய பெயர்ச்சொற்களில் அழுத்தம் முதலசைக்கு ஏறிவிடுவதால் அங்கே ஒரே ‘ஆர்’. நாம் தமிழில் வழக்கமாக எழுதும்போது ‘வேறுபடு’ என்ற டிஃபரும் ‘ஒத்திவை’ என்ற டிஃபேரும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. இரண்டும் ‘பிரித்துக் கொண்டுசெல்’ என்ற ஒரே இலத்தீன் வினையிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள் என்பதால், அவற்றைக் குழப்பியதற்காக நான் அதிகம் வெட்கப்படவில்லை.

‘ஃபெர்ரே’யின் இறந்தகால எச்சம் வேறொரு வேரிலிருந்து வந்த ‘லாட்டுஸ்’ என்பதையும், அதனால் ட்ரான்ஸ்ஃபரும் ட்ரான்ஸ்லேட்டும், ரிஃபரும் ரிலேட்டும் இலத்தீனில் ஒரே வினையின் இரண்டு வடிவங்கள் என்பதையும் அவர் போகிற போக்கில் சொன்னார். இங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். நம் ‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல்லிலும் ஓரிடத்திலிருந்து பெயர்த்து வைப்பதுதானே இருக்கிறது! பெயர்ச்சொற்களில் அக்குவிஃபர் என்பதற்கு நல்ல நேரம் ஒதுக்கினார். ‘அக்குவா’ என்றால் நீர். தமிழில் நாம் சொல்லும் ‘நீர்தாங்கி’ அதன் நேர்ப்பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நீர்தாங்கிகளை நம்பியிருப்பதால், அங்கிருந்து வந்த மாணவர்களுக்குச் சொல் ஏற்கெனவே பழக்கமானது. அதன் ஈறுதான் புதியது.

இனி குறைகள். நிழற்படப் பிரதியாகத் தரப்படும் குறிப்பேட்டைத் தயாரித்தவர் ஒரே ஓசையில் முடிவதையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார். ‘ஃபர்’ பட்டியலில் வேஃபரும் ஹெஃபரும் இருக்கின்றன. பிஸ்கட் வகையான வேஃபர் ஜெர்மானிய மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இளம் பசுவைக் குறிக்கும் ஹெஃபர் பழைய ஆங்கிலச் சொல். இரண்டும் எதையும் சுமக்கவில்லை. மூன்றாம் வாரத்து ‘மிட்’ பட்டியலில் இதே பொறியைக் கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. பெர்மிட், சப்மிட், ரிமிட், ட்ரான்ஸ்மிட் ஆகியவை ‘அனுப்பு’ என்ற பொருளுள்ள ‘மிட்டெரே’யிலிருந்து வந்தவை, லிமிட் எல்லையைக் குறிக்கும் ‘லீமெஸ்’ என்பதிலிருந்தும், வாந்தியைக் குறிக்கும் வொமிட் வேறொரு வினையிலிருந்தும் வந்தவை. அழுத்தம் முதலசையில் இருப்பதால் பின்னிரண்டில் ‘டி’ இரட்டிப்பதும் இல்லை. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் வேஃபரை ஏன் விட்டுவைத்தார்கள் என்று விளங்கவில்லை.

நான்காம், ஐந்தாம் வாரங்கள் பட்டியல் வாசிப்பாகச் சுருங்கிவிட்டன. ஆறாவது வாரம் பரீட்சை. வகுப்பு கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் மாடி வீட்டில் நடக்கிறது. புகையிரதம் போகும்போது ஆசிரியை பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அது தொல்லை அல்ல. எழுதிக்கொள்ள நேரம் கிடைக்கும். இருபத்திரண்டு பேருக்கு ஒரே மின்விசிறி என்பதுதான் தொல்லை. க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளையும் அலுவலகம் போகும் பெரியவர்களையும் ஒரே அறையில் அமர்த்தியிருப்பதால், பிள்ளைகள் கேள்வி கேட்கத் தயங்கினார்கள். கடிதம் எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு முதல் மூன்று வாரங்களுக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்த நினைக்கும் பெற்றோர் முதலில் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பணம் கட்டியதற்குத் தந்த பற்றுச்சீட்டின் அடியில், வேறொருவருக்கு மாற்ற முடியாதது என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருந்தது. அதில் ட்ரான்ஸ்ஃபரபிள் என்பதற்கு இரண்டு ‘ஆர்’. அகராதிகள் முதலிடம் கொடுப்பது ஒரே ‘ஆர்’ உள்ள வடிவத்துக்கு. கடைசி நாளில் காட்டினேன். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் தம் விதிப்படி இரண்டுதான் வர வேண்டும் என்று தொடங்கிய ஆசிரியை, கைப்பேசியில் அகராதியைத் திறந்து பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, இதை அடுத்த குழுவுக்கு விதிவிலக்கு என்று சேர்த்துக்கொள்கிறேன்” என்றார். முத்திரையை மாற்றுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.