இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸா, டிராகட்டா? மலைமேல் கணினி பார்ப்பவனின் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் சில தேயிலை ஃபாக்டரி அலுவலகங்கள், ஒரு பள்ளிக்கூட லேப் என்று நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் மெஷின்களை எல்லாம் இப்போது டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றி, அதோடு வரும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸிலேயே விட்டுவிட்டேன். முன்பு பாதி மெஷின்கள் ஃபெடோரா என்ற இன்னொரு வகையில் டிராகட்டோடு ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் எழும்போது முதலில் ஏறும் டிரைவர் பொட்டலத்தைக் கட்டும் கருவிகள் இவை இரண்டும். ஏன் மாற்றினேன் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன், நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

அடிப்படை தெரிந்ததுதான். சிஸ்டம் இருக்கும் ரூட் வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவர் அந்த வட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் மெஷினை எழுப்பும் க்ரப், சிஸ்டத்தின் மையமான கர்னலோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு சிபிஐஓ பொட்டலத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது, கர்னல் அதைப் பிரித்து உள்ளே இருக்கும் இனிட் என்ற முதல் நிரலை ஓட்டுகிறது. அந்தப் பொட்டலத்தைக் கட்டும் வேலையில்தான் இந்த இரண்டு கருவிகளும் போட்டி போடுகின்றன.

வேகம், அளவு இரண்டிலும் டிராகட் கொஞ்சம் முன்னால்தான், ஆனால் எஸ்எஸ்டி போட்ட மெஷினில் அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. கான்ஃபிக் ஃபைல்களும் அதில் சுத்தமாக இருக்கும். 2009இல் ஃபெடோரா 12இல் வந்தது, இப்போது உபுண்டுவும் 25.10இல் அதற்கே மாறிவிட்டது. எனவே டிராகட் மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு முடிவு செய்தது ஒரே விஷயம்: பொட்டலத்துக்குள் யாருடைய டிரைவர்கள் போகின்றன?

ஃபெடோராவில் டிராகட் 'ஹோஸ்ட்-ஒன்லி' முறையில் ஓடும். அதாவது இந்த மெஷினுக்கு என்ன தேவையோ அதை மட்டும் கட்டும். டெபியனில் இயல்பாக 'மாட்யூல்ஸ்' என்ற வரியில் 'மோஸ்ட்' என்று இருக்கும், பொதுவாகத் தேவைப்படும் வட்டு டிரைவர்கள் எல்லாம் உள்ளே போய்விடும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. இங்கே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகிற ஊர், ஈரத்தில் மதர்போர்டு போவது சகஜம். புதுசு வேண்டுமென்றால் கோவைக்கு ஆள் அனுப்ப வேண்டும், ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மரமோ மண்ணோ சரிந்தால் அதுவும் இல்லை. பச்சை இலை எடை போட்டு விவசாயிக்குச் சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஃபாக்டரியில் நிற்பார்கள். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், வட்டைக் கழற்றி, மூலையில் கிடக்கும் வேறொரு பெட்டியில் மாட்டுவது.

சாட்டா வட்டோடு பேசும் பொது முறையான ஏஹெச்சிஐ உள்ள போர்டிலிருந்து அதே முறையுள்ள இன்னொரு போர்டுக்குச் சாட்டா வட்டை மாற்றினால் ஹோஸ்ட்-ஒன்லியும் பெரும்பாலும் எழுந்துவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன். சாட்டா வட்டை என்விஎம்இ என்ற வேறு வகை வட்டுக்கு குளோன் செய்தாலோ, என்விஎம்இ வட்டை பயாஸில் விஎம்டி (என்விஎம்இ வட்டுகளைத் தன் கீழ் வைக்கும் வசதி) ஆன் செய்த இன்டெல் மெஷினில் செருகினாலோதான் வம்பு. அதற்கான டிரைவர் பொட்டலத்தில் இருக்காது, டிராகட் வெகுநேரம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்ஸி ஷெல்லில், அதாவது பழுது பார்க்கக் கட்டளை அடிக்கும் திரையில், விட்டுவிடும்.

க்ரப் மெனுவில் ரெஸ்க்யூ எண்ட்ரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எல்லா டிரைவர்களோடும்தான் இருக்கிறது. ஆனால் அது நிறுவிய அன்றைய கர்னல். அப்டேட்டுகள் போகப்போக அந்தக் கர்னலின் மாட்யூல் (டிரைவர்) டைரக்டரியை சிஸ்டம் நீக்கிவிடும். பிறகு ரெஸ்க்யூவில் எழுப்பினால் ரூட் வரை போய், பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பிரிவை மவுன்ட் செய்ய விஃபேட் மாட்யூல் கிடைக்காமல் எமர்ஜென்ஸி மோடில் விழும். ரூட் கணக்கு பூட்டியிருந்தால் அங்கே உள்ளேகூடப் போக முடியாது.

'டிராகட்-கான்ஃபிக்-ஜெனரிக்' என்ற பேக்கேஜைப் போட்டு, இமேஜ்களை, அதாவது அந்தப் பொட்டலங்களை, மறுபடி கட்டினால் டிராகட்டும் எல்லா டிரைவர்களையும் சுமக்கும். சரி, ஆனால் அதை ஒவ்வொரு மெஷினிலும், போர்டு போவதற்கு முன்பே, யாராவது ஞாபகமாகச் செய்திருக்க வேண்டும். நான் இல்லாத நாளில் அங்கே நிற்பது டீஃபால்ட்தான். (டெபியனிலும் எக்ஸ்பர்ட் நிறுவலில் 'டார்கெட்டட்' என்று தேர்ந்தெடுத்தால் இதே கதைதான், 'ஜெனரிக்'கை விடாதீர்கள்.)

இன்னொன்று, ஃபோனில் பழுது பார்ப்பது. "அண்ணா, ஏதோ பிளாக்குனு வந்து நின்னுடுச்சு" என்றால் கடைசி வரிகளைப் படிக்கச் சொல்வேன். 'அன்னோன் பிளாக், ஜீரோ கமா ஜீரோ' என்றால் பெரும்பாலும் பொட்டலமே ஏறவில்லை என்று அர்த்தம்: க்ரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பி, புதுக் கர்னலுக்கு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், பிறகு அப்டேட்-க்ரப் இரண்டையும் ஓட்டினால் பெரும்பாலும் போதும். அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று கேட்டு நின்றால் பொட்டலம் ஏறிவிட்டது, வட்டுதான் கிடைக்கவில்லை. அங்கே 'பிஎல்கேஐடி' என்று அடிக்கச் சொன்னால் வட்டு தெரிகிறதா, கேபிளா, பயாஸா என்று பிடித்துவிடலாம். டிராகட் எழுதி வைக்கும் ரிப்போர்ட் இதைவிட விவரமானது, நேரில் உட்கார்ந்தால் எனக்கே அது பிடிக்கும். ஆனால் அதை யாரும் ஃபோனில் வாசித்துக் காட்ட முடியாது.

'மோஸ்ட்'டுக்கும் ஒரு விலை உண்டு. பூட் பிரிவு தனியாக, சின்னதாக இருந்தால், மூன்று நான்கு கர்னல்களின் இமேஜ்கள் சேர்ந்து நிரம்பிவிடும், புது இமேஜ் பாதியில் நின்றுபோகும். பிறகு க்ரப், இமேஜ் இல்லாமலேயே புதுக் கர்னலுக்கு எண்ட்ரி எழுதினால் மேலே சொன்ன அந்த ஜீரோ கமா ஜீரோதான். ஆட்டோரிமூவை ஓட்டிப் பழைய கர்னல்களைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வட்டு மாற்றுபவர்கள் க்ரப்பை, எந்தப் போர்டும் தானாகத் தேடும் இஎஃப்ஐயின் ரிமூவபிள் பாதையிலும் நிறுவிவிடுங்கள். பழைய போர்டின் பூட் எண்ட்ரி புதுப் போர்டுக்குத் தெரியாது, ரிமூவபிள் பாதையில் க்ரப் இல்லாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் வரை பேச்சே வராது.

பொட்டலமே வேண்டாம், டிரைவர்களைக் கர்னலுக்குள்ளேயே கட்டிவிடலாம் என்பவர்களும் உண்டு. அப்போது ரூட்டை ஃபைல்சிஸ்டத்தின் அடையாளமான யூயூஐடியால் காட்ட முடியாது, வட்டுப் பிரிவின் அடையாளமான பார்ட்யூயூஐடி வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கம்பைல் வேறு. லேப்புக்கு ஒத்துவராது. கர்னலையும் பொட்டலத்தையும் ஒரே இஎஃப்ஐ ஃபைலாக்கும் யூகேஐயை என் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன், ஃபாக்டரியில் வைக்கச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை.

பள்ளி லேப்பில் சிலர் உபுண்டு கேட்கிறார்கள். டிராகட்டோடு வரும் பதிப்பைப் போட்டால் முதலில் திறந்து பார்க்கப்போவது அந்த ஹோஸ்ட்-ஒன்லி வரியைத்தான்.